கார் கொட்டகைக் கதவும் கோட்டைச்சாமியும்

நட்டநடுப் பகலில் கார் கொட்டகையின் இரட்டைக் கதவை உள்ளேயிருந்து சாத்திக்கொண்டு, கோட்டைச்சாமி தரையில் குப்புறப் படுத்திருந்தார். வலது கன்னம் தரையோடு ஒட்டியிருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் கதவின் அடியில் எங்கேயாவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்த இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு நாலு எட்டு நடந்தவர், என்னவோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்து மறுபடியும் படுத்தார். அன்றைக்கு அது ஏழாவது தடவை.

"வீட்டுல பாயில படுக்கச் சொன்னா படுக்க மாட்டாரு. இங்குட்டு மண்ணுல படுக்குறாரு" என்று அவர் மனைவி பொன்னுத்தாயி சோற்றுத் தூக்கைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

கொத்தமங்கலத்தில் மெய்யம்மை ஆச்சி வீட்டுக்குப் பதினாறு வருஷமாக அவர்தான் டிரைவர். ஸ்டியரிங்குக்குப் பின்னால் தவிர வேறெங்கும் அவர் நிலையாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பாடு நின்றபடிதான். ஒருமுறை காரைக்குடியில் சவரத்துக்கு உட்கார்ந்தவர், பாதியில் காரின் கதவைச் சரியாகச் சாத்தினோமா என்ற சந்தேகம் வந்து, ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு தெருவில் ஓடினார். கதவு சாத்தித்தான் இருந்தது. அது சாத்தியிருந்ததுகூட அவருக்கு நிம்மதி தரவில்லை என்பதுதான் வேடிக்கை.

முன்பு இவ்வளவு மோசமில்லை. போன வருஷம் ஐப்பசியில் கதவுக்கு அடியில் நுழைந்த எலி, காரின் ஒயர்களைக் கடித்துப் போட்டிருந்தது. அது தெரியாமல், வயிற்றுவலியில் துடித்த ஆச்சியைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டு, சாவியைத் திருகித் திருகிப் பார்த்தார். கார் முனகக்கூட இல்லை. கடைசியில் மாட்டு வண்டியில் மழையோடு காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆச்சி பிழைத்து வந்தார். வந்தவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் இந்த மனிதர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

இந்த அறுபத்தொன்பதாம் வருஷம் ஆச்சியின் மகள் சிகப்பி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை பினாங்கில். வலி கண்டதும் தாமதிக்காமல் கொண்டுவர வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அன்றிலிருந்து கோட்டைச்சாமி காலையிலும் மாலையிலும் காரை ஸ்டார்ட் செய்து மூன்று நிமிஷம் ஓடவிட்டார். எஞ்சின் மூடியைத் திறந்து ஒயர்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். கதவடியில் நாலு வருஷத்துக்கு முன்னால் அவரே அடித்த ரப்பர் ட்யூப் பட்டை நைந்து, கடிபட்டு, பல்போன வாயாக இருந்தது. அதைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதுப்பட்டை வைக்கச் சுத்தியலும் ஆணியுமாக வந்த அன்றுதான் ஆச்சி குறுக்கே வந்து நின்றார்.

"பிள்ளைத்தாச்சி இருக்குற வீட்டுல ஆணி அடிக்கப்படாது. மண்ணு தோண்டப்படாது. தெரியாதா உனக்கு?"

"இது கொட்டகைதானே ஆச்சி. வீடு அங்குட்டுல்ல இருக்கு."

"ஒரே மதிலுக்குள்ள இருந்தா எல்லாம் வீடுதான்."

"விரல் நுழைஞ்சா எலி நுழைஞ்சிரும் ஆச்சி. நீக பாத்தீகள்ல."

ஆச்சி உள்ளே போய்விட்டார்.

கோட்டைச்சாமிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் திருகாணிகளோடு வந்து நின்றார். "அடிக்கலை ஆச்சி. திருகித்தான் விடப்போறேன். சத்தமே கேக்காது." சத்தம் கேட்டால் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல ஆச்சி தலையை அசைத்தார்.

ட்யூபை எலி தின்றுவிடுகிறது என்று, கழித்துப்போட்ட பஸ் டயர் ஒன்றைக் காரைக்குடியிலிருந்து தூக்கி வந்திருந்தார். கத்தியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து அதன் பக்கவாட்டைப் பட்டையாக அறுத்தார். ஆசாரியிடம் துரப்பணத்தை இரவல் வாங்கித் துளை போட்டார். ஒவ்வொரு திருகாணியையும் சோப்பில் தேய்த்து, கை கொப்பளிக்கத் திருகி இறக்கினார். மொத்தம் இருபத்தெட்டு. வெளிச்சம் வரவே கூடாது என்று, பட்டை தரையை அழுத்தும்படி அரை விரற்கடை கூடவே தொங்கவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்த ஏழு தடவைப் படுக்கை. கடைசித் தடவை கொட்டகைக்குள் சுத்த இருட்டு. அவர் முகத்தில் பொன்னுத்தாயிகூட அபூர்வமாகப் பார்க்கும் ஒரு சிரிப்பு வந்தது.

மறுநாள் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. பெரிய கதவைத் திறந்தால் சாரல் அடிக்கும் என்று யாரையும் திறக்க விடவில்லை. வீட்டுப் பக்கத்துச் சின்ன வாசல் வழியாகவே அவரும் போய்வந்தார். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எலிப் புழுக்கை ஒன்றுகூட இல்லை. இருந்தும் மனிதர் ஓயவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தார்.

நாலாம் நாள் காலை பத்து மணிக்குச் சிகப்பிக்கு வலி கண்டது. சின்ன வாசல் வழியாக அவளைக் கொண்டுவந்து பின்சீட்டில் உட்கார வைத்தார்கள். கோட்டைச்சாமி தாழ்ப்பாளை நீக்கி, கதவை வெளிப்பக்கமாகத் தள்ளினார். ஒரு விரற்கடை அசைந்து நின்றுவிட்டது. தோளைக் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை.

"என்னண்ணே, கதவு வரலையா?" என்றாள் சிகப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு.

வெளியே சுற்றி ஓடிப் பார்த்தவருக்கு உயிரே போய்விட்டது. மூன்று நாள் மழை அடித்துவந்த செம்மண் கதவடியில் அணையாகச் சேர்ந்திருந்தது. தொங்கிய டயர்ப்பட்டை அதற்குள் ஏர்க்கொழுவாகப் புதைந்து கிடந்தது. ஆணியாக இருந்தால் கடப்பாரையால் நெம்பி ஒரே இழுப்பில் பட்டையைப் பிடுங்கியிருப்பார். இவை திருகாணிகள், அதிலும் அவர் கையால் திருகியவை. சேற்றில் மண்டியிட்டு இரண்டு கைகளாலும் மண்ணைப் பறித்தார். நகம் பிய்ந்தது. "என் கையாலயே அடைச்சுப்புட்டேனே" என்று வாய்விட்டு அழுதார்.

பக்கத்தில் சொத்தென்று ஒரு சத்தம். மெய்யம்மை ஆச்சி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, மண்வெட்டியால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார். ஆச்சி தோண்டத் தோண்டக் கோட்டைச்சாமி மண்ணை ஒதுக்கித் தள்ளிவிட்டுக் கதவை இழுத்தார். ஒரு கதவு திறந்தது, பிறகு மற்றொன்று. கார் முதல் திருகிலேயே உயிர்பிடித்தது.

ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆச்சி பெஞ்சியில் உட்கார்ந்தார். கோட்டைச்சாமி சுவருக்கும் கதவுக்குமாக நடந்தார்.

"உக்காரு கோட்டைச்சாமி. வந்து சேந்தாச்சுல்ல."

"தாமதமாயிருச்சே ஆச்சி. போன வருஷமும் என்னாலதான்."

"போன வருஷம் மாட்டு வண்டியில போனேன். செத்தா போனேன்?" என்றார் ஆச்சி. "அதை இன்னமுமா தூக்கிக்கிட்டுத் திரியிற?"

கோட்டைச்சாமி நின்றார். தலை குனிந்து நின்றவரின் பார்வை பிரசவ அறைக் கதவின் அடிக்குப் போயிற்று. அங்கே தரைக்கும் கதவுக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி. நீளமாக ஒரு வெளிச்சம். கோட்டைச்சாமி குப்புறப் படுத்துவிட்டார். இந்தத் தடவை இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு, காதை மட்டும் அந்த இடைவெளியில் வைத்தார்.

"எந்திரிப்பா. பாக்குறவுக என்ன நெனைப்பாக" என்று ஆச்சி எழுந்து வந்தார்.

பேச வேண்டாம் என்று கோட்டைச்சாமி கையை உயர்த்தினார். உள்ளே ஒரு பிஞ்சுக் குரல் வீறிட்டது; உயர்த்திய கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையாலேயே ஆச்சியைக் குனியச் சொல்லிவிட்டு, ஈர வேட்டியோடு தரையில் கொஞ்சம் நகர்ந்து, கதவடியில் அவருக்கும் இடம் விட்டார்.