ஊரெல்லாம் பாடுன எங்க வீட்டுப் பாட்டு

திருச்செந்தூர் பஸ்ல வச்சு கண்டக்டர்கூட நான் போட்ட சண்டைய அந்த ரூட்டுல போறவங்க இன்னைக்கும் மறக்கல. என் தங்கச்சிய வீரபாண்டியன்பட்டணத்துல கட்டிக் கொடுத்திருக்கு. மாசத்துக்கு ஒரு நாளாவது தூத்துக்குடியில இருந்து அவளப் பாக்கப் போயிருவேன். அன்னைக்கு ஜன்னலோரமா எடம் கெடச்சுது, நல்ல காத்து. முக்காணிகிட்ட ஆத்துப் பாலத்துல வண்டி ஏறவும் ஸ்பீக்கர்ல ஒரு முருகன் பாட்டு வந்துச்சு. மொத வரி முடியல, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அது எங்க கல்யாணப் பாட்டு! மாதாவ எடுத்துட்டு அந்த எடத்துல முருகன வச்சிருக்காங்க. பின்னால உருமியும் உடுக்கையும் சேத்திருக்காங்க. மத்தபடி மெட்டு அப்படியே எங்களது.

"ஏ தம்பி, இந்தப் பாட்டு யாரு போட்டது தெரியுமா?"ன்னு கண்டக்டரக் கேட்டேன்.

"பாதயாத்திரப் பாட்டுக்கா. கேசட்டு காலத்துல இருந்தே இருக்கு."

"பாதயாத்திரயும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுக்காரரு போட்ட மெட்டு. எங்க கல்யாணப் பூசைக்குன்னு போட்டது."

கண்டக்டர் சிரிச்சான். முன் சீட்டுல பச்சை வேட்டி கட்டியிருந்த அண்ணாச்சி ஒருத்தரு திரும்பிப் பாத்து, "சாமி பாட்டுல போயி உரிமை கொண்டாடுதீயளேம்மா"ன்னாரு. விடுவேனா நான்? சாமிமேல எனக்கு ஒரு கொறையும் இல்ல, மெட்டு எங்களுதுங்கத மட்டும் ஒத்துக்கிடுங்கன்னு எந்திரிச்சு நின்னு சொன்னேன். சாகுபுரத்துல பாக்டரி ஷிப்டு முடிஞ்ச ஆளுக ஏறுத வரைக்கும் வாய மூடல. அன்னையில இருந்து அந்தக் கண்டக்டர் என்னக் கண்டாப் போதும், "எக்கா, உங்க பாட்டு போடவா?"ன்னு கேலி பண்ணுவான். நானும் மொறைச்சுக்கிட்டே டிக்கெட்டு வாங்குவேன்.

முருகனோட போச்சா? இல்ல. காயல்பட்டணத்துல எனக்குப் பள்ளிக்கூடக் கூட்டாளி ஒருத்தி உண்டு. மாப்பிள்ள துபாயில, இவ இங்கன பெரிய வீட்டுல. அவ மக கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பொம்பளைக எல்லாரும் சுத்தி உக்காந்து மணப்பொண்ண வாழ்த்திப் பாடுனாங்க. அதே மெட்டு! நான் கூட்டாளியோட கையக் கிள்ளுனேன். "எங்க உம்மா காலத்துப் பாட்டுளா இது"ன்னா அவ. ஒங்க உம்மா காலமாவது, எங்க கல்யாணத்துக்குப் பெறகு வந்ததுளான்னு நான் சொல்ல, பிரியாணி வார வரைக்கும் தர்க்கம் ஓடுச்சு. போன ஆடி மாசம் ஒரு ஜவுளிக்கட ஆட்டோ எங்க தெருவுக்குள்ள வந்துச்சு. அதே மெட்டுல தள்ளுபடி விலைய அடுக்கிக்கிட்டே போகுது. சேல வாங்கத்தான் போனேன், ஆனா அந்தக் கடைக்குப் போகல.

இவ்வளவு ஆட்டத்தையும் நான் ஆடும்போது, மெட்டுப் போட்ட மனுசன் என்ன செஞ்சாவ? ஒண்ணும் செய்யல. எங்க வீட்டுல அவியளுக்கு மைக்செட் தொழில். கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவாவ. ஞாயித்துக்கிழம பூசையில மாதா கோயில்ல கீபோர்டு வாசிப்பாவ. ஊரு பூரா சத்தம் போட வைக்கிற மனுசன், வீட்டுக்குள்ள வாயில கொழுக்கட்ட வச்ச மாதிரி இருப்பாவ. பஸ்ல நடந்தத வந்து சொன்னேன். "ஓ"ன்னாவ. காயல்பட்டணத்துக் கதையச் சொன்னேன். "பிரியாணி நல்லாருந்துச்சா?"ன்னு கேட்டாவ. எனக்கு வந்த ஆத்திரத்துல சட்டியப் படார்னு எறக்கி வச்சேன்.

நான் ஏன் இப்படி அந்தப் பாட்டப் புடிச்சுக்கிட்டுத் தொங்குதேன்னு கேக்கலாம். சொல்லுதேன். கல்யாணமாகி முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. இந்த மனுசன் ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, உன்னப் புடிக்கும்னு வாயத் தொறந்து சொன்னதில்ல. சேல நல்லாருக்குன்னு சொன்னதில்ல. மீன் கொழம்புக்குக்கூட, ரெண்டாந்தரம் சோறு வாங்குனா நல்லாருக்குன்னு நானாப் புரிஞ்சுக்கிடணும். ஆனா எனக்காக ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டாவ. கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சு முடிச்ச வாரம், பாட்டுக்குழுவுக்கு அவியளே சொல்லிக் கொடுத்தாவளாம். வார்த்தைய எழுதுனது கோயில்ல இருந்த ஒரு சிஸ்டர். "புது மாப்பிள்ளையே மெட்டுப் போட்டிருக்காரு, பாத்துக்கோ"ன்னு பாட்டுக்குழு பொம்பளைக எங்கிட்ட வந்து கண்ணச் சிமிட்டுனாங்க. எனக்கு அது போதும்னு இருந்துச்சு. வாயால சொல்லாட்டி என்ன, பாட்டாச் சொன்னாவல்லா, அத வச்சுத்தான் இத்தன வருசம் ஓட்டிட்டேன்.

தாலி கட்டி முடிச்ச பொறவு அதப் பாடுனாங்க. மெதுவா, ஆர்மோனியத்தோட, நெஞ்சு உருகுத மாதிரி. முன் பெஞ்சுல எங்க அப்பா உக்காந்திருந்தாவ. கொழும்புக்குச் சரக்கு ஏத்திப் போற தோணியில அப்பா தண்டல், தோணி முழுக்க அவுக சொன்னபடிதான் நடக்கும். பாட்டு ஆரம்பிச்சதும் அப்பா சிரிச்சாவ. கால் தானாத் தாளம் போட்டுச்சு. கோயிலுக்குள்ள இது என்னன்னு அம்மா மொறைச்சா. சரணம் வந்ததும் அந்தக் கால் நின்னு போச்சு. லேஞ்சிய எடுத்துக் கண்ணத் தொடச்சுக்கிட்டாவ. மகளப் பிரியுத துக்கம்னு நெனச்சு நானும் அழுதேன்.

இப்படி நான் ராணி மாதிரி இருந்த எடத்துல மண்ணள்ளிப் போட்டது எங்க மயினி. எங்க அண்ணன் பொண்டாட்டி, நாலு வீடு தள்ளி இருக்கா. அவ மக ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல வேல பாக்குதா. கூட வேல பாக்குத கொழும்புப் பொண்ணு கல்யாண வீடியோ அனுப்பியிருக்கு. மயினி சிரிச்சுக்கிட்டே போன நீட்டுனா. "ஏளா, ஒம் புருசன் பாட்டு கடல் தாண்டிப் போயிருச்சு, பாரு."

பாத்தேன். சிங்களக் கல்யாணம். ஆணும் பொண்ணும் கைய வீசிக் குதிச்சுக்கிட்டு பைலா ஆடுதாங்க. பாட்டு அதே மெட்டு, ஓட்டமா ஓடுது. எனக்குச் சந்தோசம்னா சந்தோசம். கொழும்பு வரைக்கும் போயிருச்சேன்னு நெஞ்ச நிமித்துனேன். அப்பத்தான் மயினி மக வந்து சொன்னா, "இல்லத்தை, இது ரொம்பப் பழைய பாட்டாம். அந்தப் பொண்ணோட பாட்டி கல்யாணத்துக்கும் இதத்தான் போட்டாங்களாம். அதுவும் அவங்களே வேற ஏதோ நாட்டுப் பாட்ட எடுத்துத்தான் பாடுதாங்களாம்."

மயினிக்குச் சிரிப்பு அடங்கல. "அப்போ ஒம் வீட்டுக்காரரு சுட்டுட்டாரா? முருகன் பாட்டுக்காரங்கூட நீ சண்ட போட்டியேளா!"

மூஞ்சியில அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. அவ வீட்டுக் காப்பிய அப்படியே வச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து அடுப்பப் பத்த வைக்கல. பேசவும் இல்ல. அவிய என்ன ஏதுன்னு கேக்கல. என் மொகத்தப் பாத்தாவ, சட்டைய மாட்டிக்கிட்டுப் போயி பரோட்டாவும் சால்னாவும் வாங்கிட்டு வந்தாவ. மறுநாளும் நான் சமைக்கல. மறுநாளும் பரோட்டா. அந்த மனுசனுக்கு அது தண்டனையாவே தெரியல, அதுவேற எனக்கு எரிச்சல். கோவத்தவிட உள்ளுக்குள்ள ஒரு பயம்தான் பெருசா இருந்துச்சு. எனக்குன்னு இவிய ஒண்ணுமே செய்யலையோ? யாரோ ஆடுன பாட்டத் தூக்கி எனக்குக் கொடுத்துட்டு, நான் ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கதப் பாத்துச் சும்மா இருந்துட்டாவளோ?

ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சு வந்து, முற்றத்துல ஒரு மைக்கக் கழட்டி வச்சு ஈயத்தால வயர ஒட்டிக்கிட்டிருந்தாவ. நான் போயி முன்னால நின்னேன். மயினிகிட்டச் சொல்லி அந்த வீடியோவ என் போனுக்கு வாங்கி வச்சிருந்தேன். பேசாமப் போட்டுக் காட்டுனேன்.

கொஞ்ச நேரம் கேட்டாவ. அப்புறம் அவிய மொகம் மாறுச்சு. திருட்டுப் புடிபட்ட மொகமா இருக்கும்னு பாத்தா, அதிசயப்பட்ட மொகம்.

"ஏளா, இது ஏற்கெனவே உள்ள பாட்டா?"ன்னாவ. "நீயா இட்டுக்கட்டிப் பாடுனதுன்னுல்லா நெனச்சேன்!"

"நானா? நான் எப்போ பாடுனேன்?"

முப்பது வருசமாப் பேசாத பேச்சையெல்லாம் அன்னைக்கு அந்த மனுசன் பேசுனாவ. கல்யாணத்துக்கு முந்துன வருசம், மாதா திருவிழாவுக்குக் குழாய் கட்ட எங்க தெருவுக்கு வந்திருக்காவ. எங்க வீட்டுப் பின்பக்கம் இருந்த போஸ்ட்டுல ஏறி நிக்கும்போது, கீழ நான் மீன் அறுத்துக்கிட்டு இருந்தேனாம். மெதுவா ஒரு மெட்ட முனங்கிக்கிட்டே செதில் உரசுனேனாம். குழாயக் கட்டி முடிச்ச பொறவும் எறங்காம அங்கனயே நின்னு கேட்டாவளாம்.

"அப்படியா முனங்குனேன்? எனக்கு ஞாபகமே இல்லையே."

"மீன் நெனப்புல இருந்திருப்ப. அந்த மெட்டுதான் நம்ம கல்யாணத்துக்கு வேணும்னு அப்பவே நெனச்சேன். பொண்ணு கேட்டு ஆள் அனுப்புனது அதுக்குப் பொறவுதான்."

நான் அவிய பக்கத்துல தரையில உக்காந்தேன். அப்பத்தான் அப்பா ஞாபகம் வந்தாவ. கொழும்புல இருந்து வரும்போதெல்லாம் சோப்பும் கட்டுத சாரமும் கொண்டு வருவாவ, வாயில ஒரு சீட்டியும் வரும். தோணியில சரக்கு எறக்குத வரைக்கும் கொழும்புல நாள் கணக்காக் கெடக்கணும், அங்கன கேட்ட பாட்டெல்லாம் வாயில ஒட்டிக்கிடும். அந்தச் சீட்டியத்தான் நான் முனங்கியிருக்கேன். ஆடுத பாட்டு என் வாயில மெதுவாச் சுருங்கி, அதக் கேட்டு இவிய இன்னும் மெதுவாக்கி, மாதாவையும் உள்ள வச்சதும் எனக்கே அடையாளம் தெரியாமப் போச்சு. அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் கோயில்ல சிரிச்சாவ.

"பின்ன ஏங்க, நான் ஊரு பூரா ஒங்க பேரச் சொல்லும்போது ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவிய மைக்கத் தொடச்சுக்கிட்டே சொன்னாவ. "ஓம் மெட்டு, ஒனக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன். புருசன் பேரு வெளங்கட்டும்னு நீ விட்டுக்கொடுத்துச் சொல்லுதன்னு நெனச்சேன். எனக்குக் கூச்சமாத்தான் இருக்கும். ஆனா நல்லாவும் இருந்துச்சு."

பாருங்க இந்தக் கூத்த! எனக்காக அவிய போட்டதுன்னு நான் பெரும பேசிக்கிட்டிருந்தேன். அவியளுக்காக நான் விட்டுக்கொடுத்தேன்னு அவிய பெருமப்பட்டுக்கிட்டு இருந்திருக்காவ. பாட்டு என்னடான்னா யாரோடதுமில்ல. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஆனாலும் மனசுல ஒரு முள்ளு மிச்சம் இருந்துச்சு. அப்போ எனக்குன்னு போட்டது ஒண்ணுமே இல்லதான?

கேக்கல. போன் மட்டும் கையில பாடிக்கிட்டே இருந்துச்சு. பல்லவி முடிஞ்சு, கொழும்புக்காரங்க கூச்சல் போட்டு, அடுத்த பகுதிக்குப் போனாங்க. நான் காத நீட்டுனேன். அது நம்ம பாட்டு இல்ல. வேற என்னமோ, குதிச்சுக் குதிச்சுப் போகுது.

"இந்த எடம் வேறயா இருக்கே?"ன்னேன்.

"வேறயாத்தான் இருக்கும். நீ முழுசும் முனங்கலையே. பாதியில ஒங்க அப்பா வந்துட்டாவ, கொழும்பு சாமான் மூட்டையோட. மீனப் போட்டுட்டு ஓடிட்ட. நானும் போஸ்ட்டுல நின்னு நின்னு பாத்தேன், திரும்பி வந்து மிச்சத்தப் பாடுவன்னு. வரல. அதனால சரணத்த நானே போட்டேன்."

"நீங்களாவா?"

"நானாத்தான். அதுக்கு எத்தன நாளாச்சு தெரியுமா? குழாய் கட்டப் போன எடத்துலயெல்லாம் அதே நெனப்பு."

"யாருக்காகப் போட்டீய?"

மைக்க எடுத்து ஊதிப் பாத்தாவ. என்னப் பாக்கல. காது ரெண்டும் செவந்துபோச்சு. "பின்ன யாருக்காக?"ன்னாவ.

கோயில்ல சரணம் வந்ததும் அப்பாவோட கால் நின்னது ஏன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. கொழும்புல எங்கயும் கேக்காத ஒண்ண அங்கன வச்சுத்தான் மொதமொத கேட்டிருக்காவ. மருமவனப் பத்தி அப்பவே அவுகளுக்குத் தெரிஞ்சிருச்சு. மக்கு மகளுக்குத்தான் இத்தன வருசம் ஆச்சு. அன்னைக்கு மத்தியானம் சீலா மீன் வாங்கிக் கொழம்பு வச்சேன். அவிய மூணாந்தரம் சோறு வாங்குனாவ.

போன வாரம் தங்கச்சியப் பாக்கப் போனேன். அதே பஸ்ஸு, அதே கண்டக்டர். பாலம் வரவும் வழக்கம்போல பல்லக் காட்டுனான். "எக்கா, உங்க பாட்டு போடவா?"

"போடு தம்பி. பல்லவி யாருக்கு வேணும்னாலும் இருந்துட்டுப் போகட்டும்"ன்னேன். "சரணம் வரும்போது மட்டும் சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வை."