சித்திரபுரத்துக் கல்லறையில் எழுதியிருந்த ஊர்

போன ஜூன் மாதம் மூணாறு பக்கம் போனது குளிரை அனுபவிக்க இல்லை. அந்த மலையில் இத்தனை தமிழர்கள் எப்படிக் குடியேறினார்கள் என்று பார்க்கத்தான். நான் பாலக்காட்டுச் சித்தூர்க்காரன். வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கார்டு மலையாளம். மாநிலம் பிரித்தபோது எங்கள் வயல் கேரளத்தில் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

காலை 5.40க்குச் சித்தூரில் பஸ் ஏறி, பொள்ளாச்சி, உடுமலை என்று மாறி, மூணாறு சேர 12.15. உடுமலையிலிருந்து மட்டும் 85 கிலோமீட்டர். இடுப்பு கழன்றுவிடும், இப்போதே சொல்லிவிட்டேன். அங்கிருந்து சித்திரபுரத்துக்கு ஆட்டோ 350 ரூபாய். பேரம் பேசினேன், டிரைவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துவிட்டார்.

வழியில் பிளாஸ்டிக் கவரும் கையுமாக ஓர் அம்மா வண்டியை மறித்தார். பெயர் செல்வராணி, எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்.

"கல்லறை வரைக்கும் வாரேன் சார், எடம் இருக்கா?"

"தாராளமா ஏறுங்க. ஏனுங்க, மழைல கல்லறைக்கா?"

சின்ன மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் சாதிச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் சீட் போய்விடும். குடும்பம் 1950க்கு முன்பிருந்தே இங்கேதான் இருக்கிறது என்பதற்கு வில்லேஜ் ஆபீசில் ஆதாரம் கேட்கிறார்கள். வெள்ளைக்காரத் துரை காலத்தில் எஸ்டேட்டுக்கு ஆள் சேர்க்கும் கங்காணி திருநெல்வேலிப் பக்கமிருந்து கூட்டிவந்த குடும்பம் அது. லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீட்டில் ஒரே அறை என்பதால் பிரசவத்துக்கு மட்டும் பெண்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அதனால் செல்வராணியின் அப்பா, செல்வராணி, மகள் மூவருக்குமே பிறந்த இடம் காகிதத்தில் தமிழ்நாடு. உழைத்ததெல்லாம் இங்கே!

"எங்க தாத்தாவ இங்கதான் அடக்கம் பண்ணுனாக. கல்லப் போட்டோ எடுத்துக் குடுக்கலாம்னு பாக்கேன்." அவர் போனில் கேமரா உடைந்திருந்தது. நான் எடுத்துத் தருவதாகச் சொன்னேன்.

தேயிலைச் சரிவில் சிலுவை வைத்த கல். டிரைவர் கொடுத்த துணியால் பாசியைத் துடைத்தோம். பெயர் இருந்தது. இறந்த வருடமும் இருந்தது, சுதந்திரத்துக்கு முந்தையது. அடியில் பெரிய எழுத்தில் திருநெல்வேலிக் கிராமத்தின் பெயர். எஸ்டேட்டின் பெயரே இல்லை. சுற்றியிருந்த கற்களிலும் அப்படித்தான், சொந்த ஊரைப் பெருமையாகக் கொத்தி வைத்திருந்தார்கள்.

"ஏசப்பா!" என்று செல்வராணி ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "செத்தும் ஊர விடலியே இவுக!"

எனக்கு வெட்கமாக இருந்தது. சித்தூரில் எங்களை யாரும் இப்படி ஆதாரம் கேட்டதில்லை. நிலப் பத்திரம் இருக்கிறது. காட்டை வெட்டித் தேயிலை நட்ட இவர்களுக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது.

கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "எடுங்க சார். பேருதான் அந்த ஊரு. ஒடம்பு இங்கதான கெடக்கு?"

படத்தோடு வில்லேஜ் ஆபீசுக்குப் போனோம். அங்கேயும் செல்வராணி அதையேதான் சொன்னார். அதிகாரி படத்தை வெகுநேரம் பார்த்தார். மறுநாள் கல்லறைக்கு நேரில் வருவதாக மலையாளத்தில் சொன்னார்.

போகிறவர்களுக்கு: மழைக்காலத்தில் அட்டை கடிக்கும், உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். கல்லறைக்குச் செருப்பு உதவாது, வழுக்கும். லயங்களைப் படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். ஆட்கள் வாழும் வீடு அது.

வெள்ளிக்கிழமை செல்வராணி போன் செய்தார். சான்றிதழ் கிடைத்து, மகள் சேர்ந்துவிட்டாளாம். எனக்கு அப்படியொரு சந்தோஷம். அவர் மட்டும் ஏதோ தயங்கினார்.

"மூத்தவளுக்கு இது ஏழாம் மாசம் சார். ஊருல எல்லாரும் பிரசவத்துக்கு அவள எதிர்பாத்துட்டு இருக்காக. அனுப்பலன்னு சொல்லிட்டேன். பிள்ள இங்க அடிமாலி ஆஸ்பத்திரியிலயே பொறக்கட்டும்."

சொல்லிவிட்டு அழுதார்.