அண்ணன் நிறுத்தாத அந்த ஒரு இழுப்பு

நாம் கும்பிடும் அய்யாவின் திருவடி சேர்ந்து ஓராண்டு நிறைந்துவிட்ட எங்கள் அன்பு அண்ணனின் நினைவாக இம்மலர் உங்கள் கைகளுக்கு வருகிறது. இதில் எழுதத் தகுதியானவர்கள் குடும்பத்தில் பலர் இருந்தும், நானே எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கினேன். "மூணு வருசம் அண்ணன்கிட்ட மிண்டாதவ இப்ப என்னத்துக்கு எழுத வாறா?" என்று உங்களில் சிலர் கேட்டது என் காதுக்கும் வந்தது. நான் பேசாமல் இருந்தது உண்மை. கேட்டதும் நியாயம்தான். அதற்கான பதிலைச் சொல்லவே எழுதுகிறேன்.

அண்ணன் கருங்கல்லுக்குப் பக்கத்தில் எங்கள் தாயார் வீட்டில் பிறந்தார். எங்கள் தகப்பனார் புதுக்கடைச் சந்தையில் வெற்றிலைக் கடை வைத்திருந்தார். அண்ணன் எட்டாம் வகுப்பில் இருக்கும்போது அவர் காய்ச்சலில் காலமானார். அன்றோடு அண்ணனின் படிப்பு முடிந்தது. லாரியில் கிளீனராகப் போனார், பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டார். அம்மாவையும் என்னையும் ஒரு வேளையும் பட்டினி போட்டதில்லை. என்னை எட்டாம் வகுப்பு தாண்டியும் படிக்க வைத்தார். இன்று நான் ஆசிரியையாக இருப்பதும், இதை எழுதுவதும் அதனால்தான்.

நாடு விடுதலை பெற்ற ஆண்டில் அண்ணனுக்குத் திற்பரப்புக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை கிடைத்தது. அங்கே உடன் வேலை பார்த்தவரையே எனக்கு மாப்பிள்ளையாகப் பார்த்தார். "ஆளு சத்தங்கூட்டிப் பேசமாட்டான். உனக்கு அதுதான் சரி, நீ ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசிக்கிடுவ" என்று சொல்லிச் சிரித்தார். அவருடைய கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும், "உனக்கொரு பிள்ள பிறக்கட்டும், பெறவு பாப்போம்" என்பார். எனக்கு மகள் பிறந்தாள். அப்போதும், "பெறவு பாப்போம்" என்றுதான் சொன்னார்.

அந்தத் தோட்டத்தில் வெட்டிய மரங்கள் பள்ளத்தில் கிடக்கும். சாலையோ மேலே. ஒரு ஆஞ்சிலித் தடியை மேலே ஏற்ற இருபது பேர் வடம் பிடித்து அரை நாள் இழுப்பார்கள். சில ஆண்டுகளில் தோட்டத்துக்குச் சிறிய டிராக்டர் ஒன்று வந்தது. அதன் பின்புறம் ஓர் உருளை. அதில் கம்பி வடம் சுற்றியிருக்கும். விஞ்சு என்பார்கள். மேட்டில் டிராக்டரை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, வடத்தின் நுனியைக் கீழே கொண்டுபோய்த் தடியில் சங்கிலியால் கட்டினால், உருளை சுற்றச் சுற்றத் தடி தானே மேலேறி வரும். அதை இயக்கியவர் அண்ணன். கீழே சங்கிலி கட்டியவர் என் கணவர்.

மேட்டில் இருப்பவருக்குப் பள்ளம் தெரியாது. இயந்திர இரைச்சலில் குரலும் கேட்காது. அதனால் நடுச்சரிவில் ஒரு பாறைமேல் தங்கையன் என்பவர் நிற்பார். கீழே தடி ஏதாவது அடிமரக் குற்றியில் முட்டினால், தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து வீசுவார். அதைக் கண்டதும் அண்ணன் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். இவ்வளவுதான் ஏற்பாடு.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு முற்பகலில், தடி ஒரு குற்றியில் மாட்டியது. சங்கிலியை நேராக்கப் போன என் கணவரின் கால் தடிக்கும் குற்றிக்கும் நடுவே அகப்பட்டது. தங்கையன் துண்டை அவிழ்த்தார். அண்ணன் நிறுத்தவில்லை. பிறகு நிறுத்தினார். அதற்குள் தடி உருண்டு என் கணவரின் மார்பில் ஏறிவிட்டது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போயிற்று. அப்போது மகளுக்கு இரண்டு வயது.

அடக்கம் செய்யும் நேரத்தில் அண்ணன் என் முன்னால் வந்து நின்றார். ஊரே கூடியிருந்தது. "துண்டெடுத்தத பாத்திய இல்லியா?" என்று கேட்டேன். "பாத்தேன்" என்றார். "பாத்தும் நிறுத்தல்ல?" அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "அப்ப நீங்கதான் கொன்னிய. எனக்க மாப்பிளய நீங்கதான் கொன்னிய. இனி எனக்க மொகத்துல முழிக்கப்பிடாது" என்று கத்தினேன். அண்ணன் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. குற்றம் இருப்பதால்தான் பேசவில்லை என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

அதன் பிறகு மூன்று ஆண்டுகள். ஞாயிறுதோறும் மலையிலிருந்து இறங்கி வருவார். அரிசியும் மரச்சீனிக் கிழங்கும் அம்மா கையில் கொடுப்பார். என் மகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரை வரை போய்விட்டு வருவார். நான் அடுக்களையை விட்டு வெளியே வர மாட்டேன். "ஏட்டி, அவன் உனக்கக் கூடப்பிறப்பில்லியா" என்று அம்மா அழுவார்கள். அழுது அழுது அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். அம்மாவை அடக்கம் செய்த நாளிலும் நான் அண்ணனோடு பேசவில்லை. என் பிடிவாதம் அப்படிப்பட்டது.

கடைசியில் மலைக் காய்ச்சல் அண்ணனின் நெஞ்சைப் பிடித்தது. ஆசுபத்திரியில் சேர்த்து எட்டாம் நாள்தான் நான் போனேன். அதுவும், இரண்டு நாளாக ஒன்றும் இறங்கவில்லை என்று ஆள் சொல்லிவிட்ட பிறகு. அந்த ஆறடி உடம்பு பாயோடு ஒட்டிக் கிடந்தது. என்னைக் கண்டதும், "வந்தியா மக்கா?" என்றார். "கஞ்சி குடிங்க" என்றேன். மூன்று ஆண்டில் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. நான்கு கரண்டி குடித்தார். "பிள்ளய நல்லா படிக்க வை" என்றார். மறுநாள் காலை உயிர் பிரிந்தது.

பதினாறாம் நாள் சடங்குக்குத் தங்கையன் வந்திருந்தார். எல்லாம் முடிந்த பிறகும் போகாமல் முற்றத்திலேயே நின்றார். "டீச்சரம்மா, ஒரு காரியம் சொல்லணும். சொல்லப்பிடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கியிருந்தாரு. இனி எனக்குத் தாங்காது" என்றார். அவர் சொன்னதை நான் கேட்டபடியே எழுதுகிறேன்.

தோட்டத்து மேலாளரைத் துரை என்றே அழைப்பார்கள். துரையைக் கண்டால் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைப்பது தலைமுறைப் பழக்கம். கும்பிடப் போகும் நிழல் தாங்கலில் நாம் அய்யாவின் முன்னால் தலைப்பாகை கட்டித்தான் நிற்கிறோம். ஆனால் மலையேறினால் துரைக்கு முன்னால் அதே துண்டு இறங்கிவிடும். துரை சரிவில் வரும்போதெல்லாம் தங்கையன் துண்டை எடுப்பார். மேலே இருக்கும் அண்ணனுக்கு அது நிறுத்து என்ற அடையாளமாகத் தெரியும். அப்படி நிறுத்தி ஒரு தடவை தடி பாதி வழியில் சறுக்கிக் கீழே போயிற்று. துரையிடம் அண்ணனுக்கு நல்ல வசவு. "நீ துண்டெடுக்காதலே" என்று அண்ணன் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். "நான் எடுக்கணும்னு எடுக்கல்ல அண்ணே, கை தன்னால போவுது" என்றிருக்கிறார் தங்கையன். அதனால் அண்ணன் ஓர் ஏற்பாடு செய்தார். துரை நிற்கும்போது ஒரு தடவை துண்டு இறங்கினால் அது மரியாதை, இரண்டு தடவை வீசினால்தான் நிறுத்தம்.

என் கணவர் இறந்த அன்று சரிவுப் பாதையில் துரை வந்துகொண்டிருந்தார். கீழே அலறல் கேட்டதும் தங்கையன் துண்டை அவிழ்த்தார். அண்ணன் துரையையும் பார்த்தார், துண்டையும் பார்த்தார். மரியாதை என்று நினைத்தார். பதறிப் போன தங்கையன் இரண்டாம் தடவை வீசுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"நான் சொல்லிடுதேன் அண்ணேன்னு காலைப் பிடிச்சேன். 'உனக்கு நாலு பிள்ளைய இருக்கு, உன் சீட்டக் கிழிச்சிருவானுவ. நான் ஒத்தையாளு. மிண்டாத இரி'ன்னாரு" என்று தங்கையன் அழுதார். அடுத்த வாரமே அண்ணன் துரையின் பங்களாவுக்குப் போய், "இனி சரிவில நிக்கவன் துண்டெடுக்க மாட்டான். எடுக்கணும்னா வேற டிரைவரப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாராம். அன்று முதல் சைகைக்குச் சிவப்புக் கொடி வந்தது. துரை வந்தாலும் துண்டு தலையிலேயே இருந்தது.

அந்த ஏற்பாட்டைச் செய்தவர் அண்ணன்தான். அது தவறென்றால் தவறுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தவறைத் தங்கையன்மேலும் துரைமேலும் பங்குபோட்டு என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் பேசியிருப்பேன். மூன்று ஆண்டும் ஒற்றையாய்ச் சுமந்தார். நான் அடுக்களைக்குள் நின்றுகொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இனி ஆறுதல் கிடையாது.

அண்ணனை ஆசுபத்திரியில் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மலையிலிருந்து கட்டிலில் தூக்கி வந்த தோட்டத்துத் தொழிலாளர்களுக்கும், சடங்குகளை முன்னின்று நடத்திய பெரியவர்களுக்கும், உண்மையைச் சொன்ன தங்கையனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

என் கணவரின் அடக்கத்தன்று நான் கத்தியதைக் கேட்டவர்கள் எல்லோர் கையிலும் இம்மலர் இருக்கும். அத்தனை பேர் முன்னால் சொன்னதை அத்தனை பேர் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும். என் கணவரை அண்ணன் கொல்லவில்லை. இதை எழுத்துக் கூட்டத் தெரியாத நம் உறவினர்களுக்கும் நீங்கள் படித்துச் சொல்ல வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அண்ணன் ஒருவருக்குத்தான் இனி யாராலும் படித்துச் சொல்ல முடியாது.