நெய்மீனுக்கு ஒரு சான்றிதழ்

தக்கலையில் எங்கள் தெருவில் பதினொரு வீடுகள். அவற்றில் ஒன்பது வீட்டுக்கு ஒரே பெண்தான் மீன் கொண்டுவருகிறாள். கடற்கரை ஊரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து எங்கள் தெருவுக்குள் நுழைய ஏழரை மணி ஆகும். பதினேழு வருடப் பழக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கொடுத்த நெய்மீன், மற்ற ஊர்களில் வஞ்சிரம், ஆறு துண்டு. தலையும் இல்லை, வாலும் இல்லை. தலையைப் பார்க்காமல் அது நெய்மீன்தான் என்று எப்படி நம்புவது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு நிறுத்தியிருக்கலாம். பால் வாங்கப் போன வழியில் மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன்.

"கணக்கு வாத்தியாருக்கு மீன் எப்பம் தெரிஞ்சுது?" என்று மனைவி கேட்டாள்.

அடுத்த வாரம் சன்னல் வழியாக எண்ணினேன். ஐந்து வீடுகள் மீன் வாங்கவில்லை. அவள் ஸ்கூட்டரை எங்கள் வாசலில் நிறுத்தினாள்.

"சாரே, நான் கள்ளம் சொல்லி மீனு விக்கியேன்னு சொன்னியளாமே? இனி இந்தத் தெருவுக்கு வரட்டா, வேண்டாமா?"

உள்ளே போய்ப் போனை எடுத்தேன்.

திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் தங்கை மகளைக் கூப்பிட்டேன். மீனைப் பொரித்தாலும், ஊறுகாய் போட்டாலும் டி.என்.ஏ. கொஞ்சமாவது மிஞ்சும், தெரிந்த மீன்களின் பட்டியலோடு அதை ஒப்பிட்டால் இனம் தெரிந்துவிடும் என்றாள். ஃப்ரிட்ஜில் உறைந்து கிடந்த ஆறாவது துண்டை எடுத்தேன். அசல் நெய்மீனும் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும் என்று, நாகர்கோவிலில் ஒரு பெரிய கடையில் பெட்டியில் விற்பதையும் வாங்கினேன். ஒன்று, இரண்டு என்று எண் ஒட்டி அனுப்பினேன்.

"நகத்தளவு போதும் மாமா. கொழம்பு வைக்கியதுக்கா அனுப்பினிய?" என்று போனில் சிரித்தாள்.

பன்னிரண்டு நாள். அதற்குள் நான் ஒன்பது முறை கூப்பிட்டிருந்தேன். முடிவு வந்தது: முதல் எண் நெய்மீன். இரண்டாவது, பெட்டியில் வந்த என் அசல், விலை குறைந்த பாரை மீன்.

மறுநாள் காலையில் முடிவு அச்சிட்ட காகிதத்தை மீன்காரியிடம் நீட்டினேன்.

"எனக்க மீன எனக்குத் தெரியாதா? வாங்காத அஞ்சு வீட்டுலயும் வந்து படிச்சுச் சொல்லுங்க."

நான் முன்னே நடந்தேன். அவள் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். முதல் வீட்டில் கறுப்பு வேட்டியும் கழுத்தில் துளசி மாலையுமாக ஒருவர் வந்தார். "சபரிமலைக்கு மாலை போட்டிருக்கோம் சாரே. வாசல்ல நின்னு மீன் பேச்சு வேண்டாம்." இரண்டாவது வீட்டிலும் மாலை. மூன்றாவதில் மூன்று பேருக்கு மாலை.

தெருவில் நின்று கணக்கைத் திருத்தினேன். என் பேச்சைக் கேட்டு மீனை நிறுத்தியவை இரண்டே வீடுகள்.

"பிள்ளே, உனக்கு இது தெரியுமா?"

"எல்லாக் கார்த்திகைக்கும் இந்த மூணு வீடும் இப்பிடித்தான சாரே."

"அப்பம் என்னை எதுக்கு நடத்தின?"

"மூணு பேருட்ட சொன்னியள்லா? மூணு வீடு நடங்க."

நான்காவது வீட்டில் ஓய்வுபெற்ற நர்ஸ். கடைசி வரி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அந்த ரெண்டாம் நம்பரு எந்தக் கடை சாரே?" என்றார். கடையின் பேரைச் சொன்னதும் முகம் மாறியது. இரண்டு வாரமாக அந்தப் பெட்டிதானாம் அவர் வீட்டில். உள்ளே போனவர் சட்டியோடு வந்தார். சுவருக்கு அப்பால் கேட்டுக்கொண்டிருந்த ஐந்தாவது வீட்டுக்காரியும் ஒரு தட்டோடு வந்து நின்றாள்.

அவளுக்கும் ஆரம்பத்திலிருந்து படிக்கலாம் என்று கண்ணாடியைச் சரிசெய்து காகிதத்தை விரித்தேன்.

"கடலாசை மடக்குங்க சாரே," என்றாள் மீன்காரி, கத்தியை எடுத்துக்கொண்டே. "மீனு வெயில்ல இருக்கு."