திருகோணமலைக்கு வழி சொன்னேன்

மாத்தளையில் எங்கள் தெருவில் கடலைப் பற்றிப் பேசும் உரிமை எனக்கு மட்டும்தான் இருந்தது. சண்டை நடந்த காலத்தில் பரீட்சைக் கடமைக்காகத் திருகோணமலையில் ஆறு நாள் தங்கிவிட்டு முழுசாகத் திரும்பி வந்த வாத்தியார் நான். அந்த ஆறு நாளும் வயிற்றுப்போக்கில் விடுதிக் கக்கூசைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்பது என் மனைவிக்கு மட்டுமே தெரியும்.

அதனால் என்ன? அந்தப் பக்கம் போகிற எவரும் முதலில் என்னிடம் வந்தார்கள். உப்புக்காற்றில் கைக்கடிகாரம் நின்றுவிடும், துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள் என்றேன். மீன் வாங்கும்போது கண்ணைப் பார்க்காதீர்கள், வாலைப் பாருங்கள் என்றேன். சோதனைச் சாவடியில் பையோடு இறங்கி நடக்கும்போது சிரிக்கவும் கூடாது, முறைக்கவும் கூடாது. பல்வலிக்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். மிளகும் கிராம்பும் விளைகிற ஊரில் யார் சரிபார்க்கப் போகிறார்கள்!

பிறகு பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். திருகோணமலைக்கு மேசன் வேலைக்குப் போன புருஷனிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. நாளைக் காலை பஸ்ஸில் தேடிப் போகிறாளாம்.

"சேர், நீங்கதான் அந்த ஊரு பூரா தெரிஞ்ச ஆளு. துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு லொட்ஜில இருக்கேன்னு எழுதியிருந்தாரு. எப்படிப் போறது?"

அப்போதே வாயை மூடியிருக்கலாம். கலண்டர் தாளைக் கிழித்து, தம்புள்ளையில் பஸ் மாறுவதிலிருந்து கடற்கரையோரக் குறுக்குப் பாதை வரை வரைந்து கொடுத்தேன். அம்புக்குறி வேறு போட்டேன். அவள் அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை மனைவி தேநீரை என் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"குறுக்குப் பாதையாம்! அங்க ஆமி முகாம் இருந்தா என்ன செய்யும்? அந்தப் பொண்ணு உங்க படத்தை நம்பித்தான் போகுது."

தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். பஸ் நிலையத்துக்கு ஓடினேன். அவள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, தாளை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதைக் கிழிச்சுப் போடும்மா. நான் அந்த ஊர்ல கக்கூசைத் தவிர ஒன்னும் பாக்கல."

முழு பஸ்ஸும் திரும்பியது. எனக்கு மானமே போயிற்று. அவள் சிரிக்கவில்லை.

"எது வரைக்கும் சரி?"

"தம்புள்ளை வரைக்கும்."

"அப்ப ஏறுங்க சேர். அதுக்கப்புறம் ரெண்டு பேருமா கேட்டுக் கேட்டுப் போவோம்."

ஏறினேன். சாவடிகளில் அவளுடைய அண்ணன் என்று சிங்களத்தில் பொய் சொன்னேன், அது எடுபட்டது. லொட்ஜுகளில் கேட்டோம், கட்டடம் கட்டுகிற இடங்களில் கேட்டோம். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் ஆள் அகப்பட்டார். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்திருந்தது. அவள் பயந்துவிடுவாள் என்றுதான் எழுதவில்லையாம்.

"கால்தானே ஒடிஞ்சுச்சு? கைக்கு என்ன கேடு?" என்று வார்டே அதிரக் கத்தினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கத்திக்கொண்டே அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். தாதி வந்து அதட்டியும் விடவில்லை.