வீட்டுப் பள்ளியின் செக் ஷீட்

என் மகளை மூன்றாம் வகுப்பின் பாதியில் பள்ளியிலிருந்து நிறுத்தினேன். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்குப் பேச்சு திக்கும். வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பாடம் வாசிக்கும்போது, இவள் முறை வந்தால் முதல் சொல் வெளியே வருவதற்குள் ஆசிரியையே மீதியை வாசித்து முடித்து, "உக்காரு, அடுத்தது" என்பாராம். அவர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவருக்கு நேரமில்லை. ஆனால் வீட்டில் திக்கித் திக்கியாவது பேசிக்கொண்டிருந்த பிள்ளை, தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் குடத்தைக் கைகாட்ட ஆரம்பித்தாள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. டி.சி. வாங்கிவிட்டேன்.

சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தேன். அந்த வேலையையும் விட்டேன். என் கணவருக்கு ஒரகடத்தில் வேலை; வாரா வாரம் ஷிஃப்ட் மாறும். எங்கள் வீட்டுப் பள்ளியும் அவருடைய ஷிஃப்டோடு சேர்ந்து மாறும். கணக்கு அவர் பொறுப்பு; அவர் முதல் ஷிஃப்ட் போகும் வாரம் அது மாலையில், இரண்டாம் ஷிஃப்ட் என்றால் காலையில். தமிழும் ஆங்கிலமும் என் பொறுப்பு. தொழிற்சாலையின் உற்பத்தி லைனில் ஒரு வழக்கம் உண்டு: தாளில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அதையும் அவளுக்குப் பழக்கிவிட்டேன். மூன்று மாதத்தில் எங்கள் இருவரிடமும் பழையபடி பேசினாள். வெளியாள் வந்தால் மட்டும் வாயைத் திறக்கமாட்டாள்.

நான் செய்வது குற்றமா, இல்லையா? இதைக் கேட்டு நான் ஏறாத படி இல்லை. ஒரு கல்வி அலுவலகத்தில், "வீட்டுல சொல்லிக் குடுக்கிறதுக்கு அனுமதியெல்லாம் தேவையில்லம்மா" என்றார்கள். அதையே எழுதிக் கொடுங்கள் என்றேன். அப்படி ஒரு கடிதமே கிடையாது என்றார்கள். இன்னோர் இடத்தில், பதினான்கு வயது வரைக்கும் பிள்ளை பள்ளியில் இருந்தே ஆக வேண்டும், சட்டம் என்றார்கள். அப்படியானால் என்மேல் வழக்குப் போடுவீர்களா என்று கேட்டேன். "சேச்சே, அதெல்லாம் இல்லம்மா" என்றார்கள். இதற்கிடையில் கல்வித் துறையின் கணினியில் அவள் எந்தப் பள்ளியிலும் இல்லாத பிள்ளை ஆகியிருந்தாள். பெற்றவள் எனக்கு எதுவரைக்கும் உரிமை, அரசாங்கத்துக்கு எதுவரைக்கும் உரிமை என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முடியாது என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவரோடு சண்டையாவது போட்டிருப்பேன். முடியாது என்று சொல்லவும் அங்கே ஆளில்லை.

ஒரு நாள் வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து குரல் கொடுத்தார். "இன்னாம்மா, பள்ளிக்கோடத்துலேந்து ஒரு டீச்சர் வந்துகீறாங்க. ஒம் பொண்ணத்தான் கேக்குறாங்க."

பள்ளி செல்லாத பிள்ளைகளைக் கணக்கெடுக்க வந்தவர். செங்கல் சூளை, கட்டட வேலை நடக்கும் இடம், வடக்கிலிருந்து வந்தவர்கள் தங்கும் ஷெட்டுகள் எல்லாம் சுற்றிவிட்டு என் வாசலுக்கு வந்திருந்தார். சேலைக் கரையெல்லாம் செம்மண். மகள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். டீச்சர் படிவத்தை எடுத்தார். பிள்ளை பள்ளிக்கு வராததற்கான காரணங்கள் அதில் அச்சாகியிருந்தன: வேலைக்குப் போகிறது, குடும்பம் இடம்பெயர்ந்தது, உடல்நலமில்லை, பெற்றோருக்கு அக்கறை இல்லை. வீட்டில் படிக்கிறது என்பதற்குக் கட்டம் இல்லை.

"அக்கறை இல்லாமத்தான் வேலைய வுட்டுட்டு ஒக்காந்துகினு இருக்கேனா டீச்சர்?" என்று சத்தம் போட்டேன்.

அவர் கோபப்படவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். "நான் ஒரு குறிப்பு எழுதி மேல அனுப்பலாம்மா. வீட்டுல ஒழுங்கா படிக்குது, பேச்சும் தேறிட்டு வருது, ஒரு வருஷம் விடலாம்னு. ஆனா கையில ஆதாரம் வேணும். தினமும் என்ன படிக்குதுன்னு எழுதி வச்சிருக்கீங்களா?"

ஒரு வரிகூட எழுதி வைத்திருக்கவில்லை.

"ஓ, இருக்கே" என்றேன்.

"அப்ப திங்கக்கிழமை வந்து பாக்குறேன்."

ஒரு வருடம். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான். அது கிடைத்தால் மகள் வெளியாட்களிடமும் பேசத் தொடங்கிவிடுவாள், அப்புறம் எந்தப் பள்ளியில் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்று நம்பியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்த கையோடு உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் லைனில் அளந்து அளந்து நிரப்பும் செக் ஷீட்தான். ஒரு நீள நோட்டில் கட்டம் போட்டேன்: தேதி, நேரம், இடம், பாடம், செய்தவர், சரிபார்த்தவர். மூன்று மாதத்தையும் ஒரே மூச்சில் நிரப்பினேன். ஷிஃப்டுக்குத் தகுந்தபடி நேரம் மாறினால் பார்க்க ஒழுங்காக இருக்காது என்று, எல்லா நாளும் காலை ஒன்பது முதல் பதினொன்று, இடம் வீடு என்று எழுதினேன். நடுநடுவே பேனாவை மாற்றினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

லைனில் இருந்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட பாவம் என்று தெரியும். மணிக்கு ஒருமுறை அளந்து எழுத வேண்டிய கட்டங்களைக் காலையிலேயே மொத்தமாக நிரப்பி வைத்த ஒரு பெண்ணை நானே பிடித்துக் கொடுத்திருக்கிறேன். தெற்கத்திப் பெண். "எக்கா, அளவு எப்பவும் சரியாத்தான இருக்கு" என்று அழுதாள். சரியாகவே இருந்தாலும் பார்க்காமல் எழுதினால் பொய்தான் என்று அவளுக்கு அரைமணி நேரம் உபதேசம் செய்தேன். அவளை லைனிலிருந்து மாற்றிவிட்டார்கள். அந்த உபதேசம் அன்றைக்கு எனக்கு ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். 'செய்தவர்' கட்டங்களில் பெயரின் முதல் எழுத்தைப் போடச் சொன்னேன். ஒன்றும் கேட்காமல் போட்டாள்.

திங்கட்கிழமை டீச்சர் வந்து நோட்டைப் புரட்டினார். "நல்லா வச்சிருக்கீங்களே. ஒரு நாளுகூட தப்பல" என்றார். பிறகு பையிலிருந்து தன்னுடைய பதிவேட்டை எடுத்து, ஒரு வரியில் விரலை வைத்தார். இரண்டு வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை.

"அன்னிக்கு பத்து மணிக்கு நான் இங்க வந்தேம்மா. வீடு பூட்டியிருந்துச்சு. எழுதி வச்சிருக்கேன். நீங்க ஒன்பதுலேந்து பதினொண்ணு வரைக்கும், இடம் வீடு, பாடம் பின்னம்னு எழுதியிருக்கீங்க."

அவர் மகள் பக்கம் திரும்பினார். "பாப்பா, அன்னிக்கு எங்க இருந்தீங்க?"

"அன்... அன்..."

"அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு உடனே வந்து..." என்று நான் குறுக்கே புகுந்தேன்.

"நீங்க இருங்கம்மா. அது சொல்லட்டும்."

டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். மகளின் கழுத்து நரம்பு புடைத்தது. அவள் சொல்ல வேண்டியதெல்லாம் என் வாயில் தயாராக இருந்தது.

"அன்... அன்னிக்கு நாங்க வூட்ல இல்ல. அப்பாக்கு லீவு. ஒர... ஒரகடம் ரோட்ல டீக்கடைகிட்ட காரு ஏத்துற லாரி நின்னுச்சு. எட்டு காரு ஏத்தலாம். மூ... மூணுதான் இருந்துச்சு. எட்டுல மூணு. அப்போ காலி, எ... எட்டுல அஞ்சு."

அத்தனையும் உண்மை. பின்னம் அன்றைக்குத்தான் அவளுக்குப் பிடிபட்டது. அப்பா வாயைத் திறக்கும் முன்பே காலி இடத்தைச் சொல்லிவிட்டாள். டீக்கடை வாசலைப் பாடம் நடந்த இடம் என்று எழுத எனக்குத்தான் கூச்சம்.

வெளியாள் ஒருவரிடம் என் மகள் இவ்வளவு பேசியது அதுவே முதல் தடவை. இதற்காகத்தான் வேலையை விட்டேன், இதற்காகத்தான் படியேறினேன். நான் பூரித்துப்போயிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாளே என்றுதான் நினைத்தேன். அவளைப் பேசவிடாமல் மீதியைத் தானே முடிக்கப் பார்த்தது இந்த முறை எந்த ஆசிரியையும் இல்லை, நான்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

"இதை நடந்தபடியே எழுதியிருந்தா, இந்த ஒண்ண வச்சே குறிப்பு எழுதியிருப்பேம்மா" என்றார் டீச்சர். "இப்ப மத்த நாளையெல்லாம் நான் எப்படி நம்புறது? மேல கேட்டா என்ன சொல்றது?"

நான் விடவில்லை. சட்டம் பேசினேன், உரிமை பேசினேன், கட்டமே இல்லாத படிவத்தைக் கொடுத்துவிட்டு உண்மையை எழுது என்றால் எங்கே எழுதுவது என்று கேட்டேன். அந்தக் கேள்வி நியாயமானது என்று இன்றைக்கும் சொல்வேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஜூன்ல நம்ம ஊரு பள்ளியில நாலாவது சேத்துடுங்க. நானும் வந்து அங்க டீச்சர்கிட்ட சொல்றேன்" என்றார். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தார். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

அவர் போன பிறகு அடுப்படியில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தேன். மகள் நோட்டோடு வந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமையில் 'வீடு' என்பதை ஒரே கோட்டில் அடித்திருந்தாள். பக்கத்தில், 'ஒரகடம் ரோடு, டீக்கடை' என்று எழுதித் தன் முதல் எழுத்தைப் போட்டிருந்தாள். சரிபார்த்தவர் கட்டத்தைக் காட்டிப் பேனாவை நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன்.

அவள் போகவில்லை. பக்கத்தைத் திருப்பி, புதன்கிழமையில் விரலை வைத்தாள்.

"ம்மா, அ... அன்னிக்கு... நெஜமா எ... எ..."

அவள் கேட்கப் போவது எனக்குத் தெரிந்தது. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, அவள் கேட்டு முடிக்கும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.