சிவப்பை அழுத்துங்கம்மா

கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸ் போடலாம் என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுகிறேன். முன்பு கேட்கவே வேண்டியதில்லை, நானே ஆரம்பித்துவிடுவேன்.

அக்காவுக்கு நிக்காஹ் பேசி முடித்த சமயம். கோட்டைப்பட்டினத்தில் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, இருந்த படங்களை எல்லாம் பூட்டிப் போட்டுவிட்டது. அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம், பிழைப்புக்காக வெளிநாட்டு சபரில் இருக்கிற அத்தாவை (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) நாங்கள் பார்ப்பதே எங்கள் கம்ப்யூட்டரில்தான். அவர் வேலை பார்க்கிற நாட்டில் வழக்கமான வீடியோ கால் எதுவும் போகாது. தொழிலாளர் கேம்ப்பில் அவரோடு தங்கியிருக்கிறவர் எங்கிருந்தோ பிடித்துக் கொடுத்த ஒரு புரோகிராம் மட்டும் வேலை செய்தது. அதுவும் கம்ப்யூட்டரில்தான் ஓடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அத்தா அதில் வருவார். அம்மா அதற்கு முன்னாலேயே முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எதிரே உட்கார்ந்துவிடுவார்.

அத்தாவுக்கு நிக்காஹுக்கு லீவு கிடைக்கவில்லை. தன் இடத்தில் தன் தம்பி, எங்கள் சின்னத்தா, நிற்கட்டும் என்று அவரே சொல்லிவிட்டார். என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"புள்ள சம்மதம் சொல்றப்ப மட்டும் நான் பாக்கணும். அத மட்டும் செஞ்சு குடுத்துருப்பா."

நிக்காஹின்போது ஆண்கள் வெளியே பந்தலில் இருப்பார்கள், பெண் உள்ளே இருக்கும். பொறுப்பாக நிற்பவரும் இரண்டு சாட்சிகளும் உள்ளே வந்து, சம்மதமா என்று கேட்பார்கள். பெண் ஒரு வார்த்தை சொல்லும், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை நேரத்துக்கு எந்த வைரஸும் குறுக்கே வந்துவிடக்கூடாது என்று நான் கச்சை கட்டிக்கொண்டேன்.

எத்தனை போட்டுப் பார்த்தேன்! இலவசமாகக் கிடைத்த ஒன்று நிமிஷத்துக்கொரு விளம்பரம் காட்டியது. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் வாங்கிவந்த இன்னொன்று கம்ப்யூட்டரை மாட்டுவண்டி ஆக்கிவிட்டது. காலேஜில் பாடம் நடக்கும்போதே பெஞ்சுக்கு அடியில் போனை வைத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒன்று மனசுக்குப் பிடித்தது. தெரியாத புரோகிராம் எது நெட்டுக்குப் போகப் பார்த்தாலும் நிறுத்தி, விடவா வேண்டாமா என்று பெட்டி போட்டுக் கேட்கும். விட பச்சை, தடுக்க சிவப்பு. வாசலில் காவலுக்கு ஆள் நிறுத்தினாற்போல இருந்தது. அத்தாவின் புரோகிராமுக்கு நானே பச்சையை அழுத்தி, அடுத்த வெள்ளிக்கிழமை அத்தா வந்ததையும் பார்த்துக்கொண்டேன்.

பெட்டிகள் அடிக்கடி வந்தன. நான் புதுக்கோட்டையில் காலேஜில் இருக்கும்போது அம்மா என்ன செய்வார்?

"எது வந்து கேட்டாலும் சிவப்பை அழுத்துங்கம்மா. சிவப்பை அழுத்துனா ஒண்ணும் ஆகாது."

நிக்காஹுக்கு முதல் நாள், கேம்ப் நண்பர் அந்தப் புரோகிராமில் புதுசு வந்திருக்கிறது, படம் தெளிவாக விழும் என்று அனுப்பிவைத்தார். எனக்குக் கேட்கவா வேண்டும்? உடனே ஏற்றிவிட்டேன். பழையதற்குக் கொடுத்த அனுமதி புதியதற்குச் செல்லாது என்பது எனக்கு உறைக்கவில்லை. வாழைமரம் கட்ட ஆள் கூப்பிட்டார்கள், ஓடிவிட்டேன்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க வாசலில் நின்றேன். உள்ளே, அக்கா இருந்த அறையில், சொல்லிக்கொடுத்தபடியே அம்மா கம்ப்யூட்டரில் புரோகிராமைத் திறந்திருக்கிறார். பெட்டி வந்திருக்கிறது. இன்றைக்கென்று பார்த்து எதுவோ புகப் பார்க்கிறதே என்று பதறி, சிவப்பை அழுத்தியிருக்கிறார். திரும்பத் திறந்திருக்கிறார், மறுபடி பெட்டி, மறுபடி சிவப்பு. அதற்குள் சின்னத்தா சாட்சிகளோடு உள்ளே போய்விட்டார். பந்தலில் நிக்காஹ் நடத்திவைக்கிற ஹஜ்ரத் காத்திருந்தார். யாரை நிறுத்தச் சொல்வது?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நான் உள்ளே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண்கள் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா திரையைக் காட்டி, "வுடவே இல்லடா, எல்லாத்தையும் தடுத்துட்டேன்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்தபிறகுதான் அவர் முகம் மாறியது. பீரோவுக்குள் கிடந்த அவர் போனில் அத்தாவின் வாய்ஸ் மெசேஜ்கள் கேட்பாரில்லாமல் கிடந்தன. எல்லாவற்றிலும் ஒரே பேச்சு: "படம் வரல. படம் வரலம்மா."

அதற்குப் பிறகு அம்மா எந்தப் பெட்டிக்கும் தானாகப் பதில் சொல்வதில்லை. நான் பரீட்சை ஹாலுக்குள் நுழையப்போனாலும் சரி, போன் வரும்: "பச்சையா செவப்பாடா?" கேட்கும்போதெல்லாம் சுருக்கென்று இருக்கும்.

அக்காவின் சிநேகிதி போனில் எடுத்த வீடியோவை அத்தாவுக்கு அனுப்பினோம். புதிய புரோகிராமுக்கும் நான் பச்சையை அழுத்திவைத்திருந்ததால் அடுத்த வெள்ளிக்கிழமை வந்தார். சாப்பாடு எப்படி, யார் யார் வந்தார்கள் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, என்னைக் கூப்பிட்டார்.

"வீடியோல எல்லாரும் இங்கிட்டுப் பாக்குறாங்க. அக்கா மட்டும் வேற பக்கம் பாத்துல்ல சம்மதம் சொல்லுது. அங்கிட்டு என்னப்பா இருந்துச்சு?"

"கம்ப்யூட்டர், அத்தா."

அத்தா தலையைக் குனிந்துகொண்டார். படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை, அவருக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பிறகு, அந்த ஆன்டிவைரஸை எடுத்துவிட்டாயா என்று கேட்டார். இன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"எடுக்காத. நல்லதா பாத்துத்தானே போட்ட. இருக்கட்டும்."

இன்னும் அதே கம்ப்யூட்டரில் அதேதான் இருக்கிறது.